வட்டம் எவ்வளவு?

2018 மே மாதம். பாங்காக் கிளம்பும் இரவு, சென்னை விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டு முடித்த பிறகுதான் கையில் தாய்லாந்துக் காசான பாட் ஒன்றுகூட இல்லை என்பது உறைத்தது. அப்போது நம்மவர்களுக்குத் தாய்லாந்தில் இறங்கிய பிறகு விசா. கட்டணம் ஆளுக்கு 2,000 பாட். அதையும் ரொக்கமாக, அவர்கள் காசிலேயே கட்ட வேண்டும். என்னிடம் 400 அமெரிக்க டாலர் இருந்தது. பாட் இல்லை, டாலர்தான் இருக்கிறது என்று வங்கியில் அதைத்தான் கொடுத்திருந்தார்கள்.

சுற்றிப் பார்த்தேன். ஒரு கவுண்டரில் ‘கமிஷன் கிடையாது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நல்லதாகப் போயிற்று என்று 20,000 ரூபாயை நீட்டினேன். 8,264 பாட் கணக்கு. ஜிஎஸ்டி என்று தனியாக 45 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அந்த 45 ரூபாய்க்கு நான் முகம் சுளித்தது இப்போதும் நினைவிருக்கிறது. உண்மையில் போன பணம் வேறு இடத்தில் போயிருந்தது.

விமானத்தில் உட்கார்ந்து ஆற அமரக் கணக்குப் போட்டபோது தெரிந்தது. அன்றைக்குச் சந்தையில் ஒரு பாட் சுமார் 2 ரூபாய் 11 காசு. எனக்கு விற்றது 2 ரூபாய் 42 காசுக்கு. நியாயமாக 9,479 பாட் வந்திருக்க வேண்டும். குறைந்தது 1,215 பாட், நம் காசில் ஏறக்குறைய 2,560 ரூபாய். நூற்றுக்குக் கிட்டத்தட்ட 13 போயிருக்கிறது. ஆனால் பில்லில் கமிஷன் என்ற இடத்தில் சுத்தமாகச் சைபர். பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என் தாத்தா திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தவர். சில்லறைத் தட்டுப்பாடு வரும்போது நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்குவார். அப்போது அவர் கேட்கும் ஒரே கேள்வி, “வட்டம் எவ்வளவு?” காசை மாற்றித் தருகிறவன் பிடித்துக்கொள்ளும் பங்குக்கு அந்தக் காலத்து வியாபாரிகள் சொன்ன பெயர் வட்டம். கமிஷன், சர்வீஸ் சார்ஜ், மார்க்கப், ஸ்ப்ரெட் என்று இன்றைக்கு அதற்குப் பத்துப் பெயர் இருக்கிறது. தாத்தா கேட்டதைத்தான் நான் அன்றைக்குக் கேட்கவில்லை. கமிஷன் உண்டா என்று மட்டும் பார்த்தேன்.

அந்தப் பயணத்திலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கே காசு மாற்றினாலும் இரண்டு எண் எழுதுவேன். கூகுளில் தேடினால் வரும் விலைப்படி எவ்வளவு வந்திருக்க வேண்டும், கைக்கு எவ்வளவு வந்தது. கூகுள் காட்டுவது வங்கிகள் தங்களுக்குள் பெரிய தொகைகளில் வாங்கி விற்கும் விலைகளின் நடுப்புள்ளி. அந்த விலைக்கு நமக்கு யாரும் தரமாட்டார்கள், அதை எதிர்பார்த்துக் கடைக்காரரிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ஆனால் அளக்கும் கோல் அதுதான். அதிலிருந்து நூற்றுக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் வட்டம்.

பாங்காக்கில் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததும் வங்கிகளின் கவுண்டர்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே விலை. அன்றைக்கு டாலருக்கு 30.70 பாட் என்று போட்டிருந்தார்கள், சந்தை விலை 32ஐ ஒட்டி இருந்தது. எங்களோடு விமானத்தில் வந்த ராமநாதபுரத்துக்காரர் ஒருவர், அடிக்கடி துணி எடுக்க வருகிறவர், “இங்க மாத்தாதீங்க தம்பி, கீழ வாங்க” என்று கூட்டிப்போனார். அடித்தளத்தில், நகருக்குப் போகும் ரயிலுக்கான நிலையத்தை ஒட்டிச் சின்னச் சின்ன நாணய மாற்றுக் கடைகள் இருந்தன. 100 டாலர் நோட்டுக்கு 31.70. அதே கட்டடம், இரண்டு நிமிட நடை. டாலருக்கு ஒரு பாட் வித்தியாசம்.

ஆனால் பலகையில் அமெரிக்க டாலருக்கு ஒரு விலை இல்லை, நாலு விலை இருந்தது. 100 டாலர் நோட்டுக்கு ஒன்று, 50க்கு ஒன்று, 20, 10, 5க்கு ஒன்று, ஒரு டாலர் நோட்டுக்கு எல்லாவற்றையும்விடக் குறைவாக ஒன்று. சென்னை வங்கியில் ‘சில்லறையாக இருந்தால் வசதி’ என்று நானே கேட்டு வாங்கியது பத்து 20 டாலர் நோட்டுகள். வசதிக்கு விலை கொடுத்தேன். மீதி இரண்டு 100 டாலர் நோட்டில் ஒன்றின் ஓரத்தில் பேனாக் கோடு. கடைக்காரப் பெண் அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு திருப்பித் தந்துவிட்டார். அந்த ஒரு நோட்டு மட்டும் எங்களோடு பாங்காக் முழுக்கச் சுற்றிவிட்டுச் சென்னைக்குத் திரும்பி வந்தது.

இப்போதெல்லாம் டாலர் வாங்கும்போது கவுண்டரிலேயே ஒவ்வொரு நோட்டாகத் திருப்பிப் பார்க்கிறேன். கிறுக்கல், முத்திரை, கிழிசல், ஆழமான மடிப்பு எது இருந்தாலும் வேறு கேட்பேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

அந்தப் பயணத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. கடைசி நாள் காசு தீர்ந்துபோய், தெருவோர ஏடிஎம் ஒன்றில் என் டெபிட் கார்டைச் செருகி 3,000 பாட் கேட்டேன். வெளிநாட்டுக் கார்டு என்பதால் 220 பாட் கட்டணம் என்று திரையில் வந்தது. சரி என்று அழுத்தினேன். அடுத்த திரையில், உங்கள் ரூபாய்க் கணக்கில் இத்தனை கழியும், இந்த விலையை ஏற்கிறீர்களா என்று கேட்டது. ரூபாயிலேயே தெரிந்துவிடுகிறதே என்று அதற்கும் சரி. ஊர் வந்து பாஸ்புக்கைப் பார்த்தால், என் வங்கி தன் பங்குக்குப் பிடித்ததையும் சேர்த்து 7,550 ரூபாய் அளவுக்குக் கழிந்திருந்தது. கைக்கு வந்த 3,000 பாட்டின் அன்றைய மதிப்பு 6,330 ரூபாய். நூற்றுக்கு 19 வட்டம். கந்துவட்டிக்காரன் கூட ஒரே நிமிடத்தில் இவ்வளவு எடுக்கமாட்டான்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பதுதான் விஷயம். 220 பாட் என்பது எவ்வளவு எடுத்தாலும் மாறாத கட்டணம். 3,000 எடுத்தால் நூற்றுக்கு ஏழுக்கு மேல், 20,000 எடுத்தால் நூற்றுக்கு ஒன்றுதான். நான் பயந்து பயந்து கொஞ்சமாக எடுத்தேன். அப்புறம் அந்த இரண்டாவது திரை. டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று அதற்குப் பெயர். சுருக்கமாகச் சொன்னால், மாற்று விலையை உங்கள் வங்கியோ கார்டு நிறுவனமோ போடுவதற்குப் பதிலாக, எதிரில் இருக்கும் ஏடிஎம்காரரோ கடைக்காரரோ போட்டுக்கொள்ள நீங்களே அனுமதி கொடுப்பது. அவர் தனக்குச் சாதகமாகத்தானே போடுவார்? அந்தத் திரையில் ‘வேண்டாம்’ என்று அழுத்தியிருந்தாலும் பணம் வந்திருக்கும். பரிவர்த்தனையே ரத்தாகிவிடுமோ என்ற பயத்தில்தான் பாதிப் பேர் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்துகிறார்கள். நானும் அப்படித்தான்.

ஆறு வருடம் கழித்து, 2024 மே மாதம், திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து திரும்பத் திருச்சி என்று ஒரு பயணம். நான், மனைவி, மகள், மனைவியின் தம்பி. இந்தத் தடவை வட்டத்தை விடுவதில்லை என்று கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, எந்தக் காசு எந்த ஊரில் குவிகிறதோ அந்த ஊரில்தான் அதற்கு நியாயமான விலை கிடைக்கும். திருச்சியில் சிங்கப்பூர் டாலருக்குப் பஞ்சமே இல்லை. அங்கே வேலை பார்ப்பவர்கள் லீவுக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்து மாற்றுகிறார்கள், அடுத்த வாரம் அங்கே போகிறவர்கள் அதையே வாங்குகிறார்கள். சரக்கு தேங்குவதில்லை. அதனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி குறைவு. இதே கடையில் அபூர்வமாக யாராவது கேட்கும் ஒரு நாட்டுக் காசைக் கேட்டுப் பாருங்கள், எங்கிருந்தோ வரவழைத்துத் தர வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்கும். அப்படிப்பட்ட நாடுகளுக்கு இங்கே அமெரிக்க டாலராக வாங்கி, அங்கே போய் மாற்றுவதே மேல். இரண்டு முறை மாற்றுவதால் இரண்டு முறை வட்டம் போகும்தான். என் நோட்டுப் புத்தகத்தின்படி 2018இல் நான் கொண்டுபோன டாலருக்குச் சென்னை வங்கியில் நூற்றுக்கு 2.4, பாங்காக் அடித்தளக் கடையில் 100 டாலர் நோட்டுக்கு நூற்றுக்கு ஒன்று, ஆக மூன்றரைக்குள். விமான நிலையத்தில் ஒரே தடவையில் போன பதின்மூன்றோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

திருச்சி மத்தியப் பேருந்து நிலையம், கன்டோன்மென்ட் சுற்றுவட்டாரத்தில் ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடைகள் பல இருக்கின்றன. ஐந்து கடைகளுக்குப் போன் போட்டேன். “சிங்கப்பூர் டாலர் என்ன ரேட்?” என்று கேட்டால் ஒரு விலை சொல்வார்கள். “எனக்கு 800 டாலர் வேணும், எல்லாச் செலவும் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபாய் நான் தரணும்?” என்று கேட்டால் வேறு விலை வரும். இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. அன்றைக்கு நடு விலை 61.80. போனில் வந்த விலைகள் 62.40 முதல் 63.60 வரை. 62.75 சொன்ன கடைக்காரரிடம், “பக்கத்துல 62.40 சொல்றாங்க, நான் இன்னிக்கே வந்து எடுத்துக்கறேன்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “62.30க்கு வாங்க சார், வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றார். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை காலையாகப் பார்த்துப் போனேன். சனி, ஞாயிறில் சந்தை மூடியிருக்கும், திங்கட்கிழமை விலை எப்படித் திறக்குமோ என்று கடைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துச் சொல்வார்கள். 800 சிங்கப்பூர் டாலருக்கு 49,840, ஜிஎஸ்டி 90. நடு விலையோடு பார்த்தால் நூற்றுக்கு ஒன்று. மலேசியாவுக்கு ரிங்கிட் 1,500 வாங்கியதில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போனது. 17.60 இருந்ததை 17.95க்குத்தான் கொடுத்தார்கள், ஜிஎஸ்டி தனி. இந்த ஜிஎஸ்டி ஒன்றும் பெரிதில்லை. ஒரு லட்சம் வரை மாற்றும் தொகையில் நூற்றில் ஒரு பங்கை மதிப்பாக வைத்து அதில் 18 சதவீதம், குறைந்தது 45 ரூபாய். இதைப் பார்த்துப் பயந்து பில் இல்லாமல் வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

அப்படி ஒருவர் என்னையும் அணுகினார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, “டாலருக்கு இருபது காசு கம்மியா தர்றேன், பாஸ்போர்ட் எதுவும் வேணாம்” என்றார். 800 டாலருக்கு 160 ரூபாய் லாபம். கள்ள நோட்டாக இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? தவிர, உரிமம் இல்லாதவரிடம் வாங்குவது அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறுவது. உரிமம் உள்ள கடையில் பாஸ்போர்ட், பான், டிக்கெட் நகல் கேட்பார்கள், படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாக வாங்கமாட்டார்கள், வங்கிக் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும். எனக்கு இரண்டும் சேர்ந்து எழுபத்தாறாயிரத்தைத் தாண்டியதால் கணக்கிலிருந்தே அனுப்பினேன். நோட்டாகக் கொண்டுபோக, ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான் பெரும்பாலான நாடுகளுக்கு அனுமதி. அதற்கு மேல் வேண்டுமென்றால் கார்டில். நம் ரூபாய் நோட்டு ஆளுக்கு 25,000 வரை கையில் வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்குப் பல லட்சம் கணக்கில் வெளிநாட்டுச் செலவு செய்பவர்களுக்கு டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு வரிப் பிடித்தம் உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 10 லட்சம் என்பதால் எங்களைப் போன்றவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கோலாலம்பூரில் இறங்கியதும் மச்சினன் பலகையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். “மாமா, இங்க நூறு ரூபாய்க்கு 6 ரிங்கிட்டுக்கு மேல தர்றான்! நாமதான் ஊர்ல ஏமாந்துட்டோம்.” அவன் பார்த்தது ‘விற்கிறோம்’ என்ற வரிசை. அந்தப் பலகையில் இருப்பதெல்லாம் கடைக்காரர் பக்கத்திலிருந்து எழுதியது. நம் ரூபாயை அவர் வாங்கும் விலை ‘வாங்குகிறோம்’ என்ற வரிசையில் இருக்கும். அது அன்றைக்கு நூறு ரூபாய்க்கு 4.95. நடு விலை 5.68. விமான நிலையம் எந்த ஊரில் இருந்தாலும் விமான நிலையம்தான்.

அங்கே நாங்கள் எதையும் மாற்றவில்லை. திருச்சியில் வாங்கிய ரிங்கிட் கையில் இருந்ததால் பஸ் பிடித்து நகருக்குள் வந்துவிட்டோம். முதல் சில மணி நேரத்துக்கு வேண்டிய காசை மட்டும் ஊரிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் இந்த அவசரமே வராது. அவசரத்தில்தான் வட்டம் கூடுகிறது.

மறுநாள் மஸ்ஜித் இந்தியா பக்கம் போனோம். அங்கும் லெபோ அம்பாங்கிலும் தமிழ் பேசும் நாணய மாற்றுக் கடைகள் நிறைய. லெபோ அம்பாங் ஒரு காலத்தில் செட்டியார்களின் வட்டிக்கடைத் தெரு. சோதனைக்காக 10,000 ரூபாயை மட்டும் அங்கே மாற்றிப் பார்த்தேன். நூறுக்கு 5.58 கொடுத்தார்கள், 558 ரிங்கிட். இதே பத்தாயிரத்துக்குத் திருச்சியில் 557 கிடைத்திருக்கும். ஒரு வெள்ளி வித்தியாசத்துக்காக ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேனே என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். ஆனால் அந்த ஒரு வெள்ளிதான் எனக்குத் தேவைப்பட்ட பதில். ஊரிலும் நகருக்குள்ளும் ஒரே கதைதான், இடையில் இருக்கும் விமான நிலையத்தில்தான் பள்ளம்.

வெள்ளி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டையும் வெள்ளி என்பார்கள், சிங்கப்பூர்த் தமிழர்கள் அவர்கள் டாலரையும் வெள்ளி என்பார்கள். அன்றைக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறக்குறைய மூன்றரை மலேசிய வெள்ளி. கிள்ளானில் இருக்கும் சித்தப்பா, “சிங்கப்பூர்ல ரூம் ஒரு நாளைக்கு இருநூறு வெள்ளியா? பரவாயில்லையே” என்றார். எந்த வெள்ளி என்று சொன்னதும் மௌனமாகிவிட்டார்.

அதே சித்தப்பா பீரோவிலிருந்து ஒரு கவர் எடுத்து வந்தார். “நம்ம ஊர் காசு கொஞ்சம் இருக்குப்பா, நீ எடுத்துட்டுப் போய் செலவு பண்ணிக்க.” உள்ளே நாலு பழைய ஆயிரம் ரூபாய் நோட்டுகள், 2016 நவம்பரில் செல்லாமல் போனவை. கூடவே மூன்று 2,000 ரூபாய் நோட்டுகள். 2,000 நோட்டு சட்டப்படி செல்லும், ஆனால் 2023 மே மாதமே புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. மஸ்ஜித் இந்தியாவில் யாரும் தொடவில்லை. நான் எடுத்து வந்து ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிக் கணக்கில் சேர்க்க வேண்டியதாயிற்று. அடுத்த பயணத்துக்கு ஆகும் என்று வெளிநாட்டு நோட்டை வருடக்கணக்கில் பெட்டியில் வைத்திருப்பவர்கள் எந்த நாட்டு நோட்டாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது எடுத்துப் பார்ப்பது நல்லது. பழைய வரிசை நோட்டுகளைப் பல நாடுகள் இப்படித்தான் சத்தமில்லாமல் ஓரங்கட்டுகின்றன.

சித்தப்பா இன்னொரு யோசனையும் சொன்னார். “நீ எதுக்குக் கடைக்குப் போய் மாத்துற? நான் இங்க வெள்ளி தர்றேன், நீ ஊர்ல என் தங்கச்சிகிட்ட ரூபாயா குடுத்துடு.” வட்டமே இல்லாத வழி. நிறையக் குடும்பங்களில் நடக்கிற வழியும் கூட. ஆனால் அதுவும் வங்கி வழியாக வராத பணப் பரிமாற்றம்தான், சட்டம் ஏற்காது. சாப்பாடும் தங்கலும் அவர் வீட்டில் என்பதே பெரிய லாபம் என்று சொல்லி விட்டுவிட்டேன்.

சிங்கப்பூரில் கார்டுதான் பெரும்பாலும். கிளம்பும் முன் ஃபாரெக்ஸ் கார்டில் சிங்கப்பூர் டாலராகவே ஏற்றி வைத்திருந்தேன். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தக் காசில் ஏற்றுகிறோமோ அதில் செலவழித்தால்தான் லாபம். என் கார்டில் ரிங்கிட் ஏற்ற வழியில்லை. சிங்கப்பூர் டாலர் ஏற்றிய கார்டை மலேசியாவில் தேய்த்தால் கார்டு நிறுவனம் ஒரு காசிலிருந்து இன்னொரு காசுக்கு மாற்றி, அதற்குத் தனிக் கட்டணம் பிடிக்கும். அதனால்தான் மலேசியாவுக்கு ரொக்கம், சிங்கப்பூருக்குக் கார்டு என்று பிரித்துக்கொண்டேன். ஹோட்டலில் முன்பணமாக 200 டாலரைக் கார்டில் பிடித்து வைத்தார்கள். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபட இரண்டு வாரம் ஆயிற்று. அந்த 200ஐயும் கணக்கில் வைத்துக் கார்டில் ஏற்றியிருக்க வேண்டும், நான் வைக்கவில்லை. கடைசி நாள் ரொக்கத்தில் கை வைக்க வேண்டியிருந்தது.

மச்சினனிடம் சாதாரண கிரெடிட் கார்டு. நம் வங்கிகளின் பல கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்கப், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக நூற்றுக்கு 4.13. இது கார்டோடு வந்த சின்னப் புத்தகத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் இப்போது கிடைக்கின்றன, வருடம் ஒரு முறையாவது வெளிநாடு போகிறவர்கள் விசாரித்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் அவன் 118 டாலருக்குச் சாமான் வாங்கினான். கல்லாவில் இருந்த பையன் மெஷினைத் திருப்பாமலேயே, “அண்ணே, ரூபாய்லயே போட்டுறவா? உங்களுக்குக் கணக்கு ஈஸியா இருக்கும்” என்றான். பாங்காக் ஏடிஎம்மின் அந்த இரண்டாவது திரை என் கண் முன் வந்தது.

“வேண்டாம் தம்பி, சிங்கப்பூர் வெள்ளிலயே போடுங்க” என்றேன்.

“ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே.”

“ஒண்ணுன்னா வெள்ளிலயே போடுங்க.”

மெஷினை வாங்கிப் பார்த்தேன். ரூபாயில் 7,680 என்று காட்டியது. அன்றைய நடு விலைக்கு 7,292தான். 388 ரூபாய் கூடுதல், நூற்றுக்கு ஐந்துக்கு மேல். ரூபாயில் போட்டாலும் சில வங்கிகள் வெளிநாட்டுக் கடை என்று தன் கட்டணத்தையும் சேர்த்தே பிடிக்கும். அப்போது இரண்டு வட்டம். பையன் மேல் தப்பில்லை, அவனுக்கு அப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மெஷின் நம் கையில் இருக்க வேண்டும், அந்த ஊர்க் காசைத் தேர்ந்தெடுத்து நாமே அழுத்த வேண்டும். ரசீதில் நம் ரூபாய் அடையாளம் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி ரத்து செய்யச் சொல்லலாம், கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்கு வந்து புலம்பிப் பயனில்லை.

மிஞ்சிய 140 ரிங்கிட்டை முஸ்தபா சென்டரில் மாற்றினோம். வரிசை நீளம், ஆனால் நகர்ந்துகொண்டே இருந்தது. சிங்கப்பூரில் இந்தத் தொழிலுக்கும் நமக்கும் பழைய உறவு. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்தில் சேஞ்ச் அலி என்று ஒரு சந்து இருந்தது. கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்குக் காசு மாற்றிக் கொடுத்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அங்கே புகழ்பெற்றவர்கள். 1989இல் அந்தப் பழைய சந்து மூடப்பட்டது. இன்றைக்கும் லிட்டில் இந்தியாவில் நாணய மாற்றுக் கவுண்டருக்குப் பின்னால் தமிழ்க் குரல் கேட்கும்போது, “கொஞ்சம் பார்த்துப் போடுங்கண்ணே” என்று உரிமையோடு கேட்க முடிகிறது. அவர்களும் சில நேரம் கடைசி இலக்கத்தைத் திருத்திப் போடுகிறார்கள். 140 ரிங்கிட்டுக்கு அதனால் என்ன கிடைத்துவிடும் என்று கேட்காதீர்கள், ஒரு காப்பிக்குக்கூட வராது.

சில்லறைக் காசைப் பெரும்பாலும் யாரும் வாங்குவதில்லை. பெரும்பாலான நாணய மாற்றுக் கடைகளில் நோட்டு மட்டும்தான். அதனால் மலேசியாவிலிருந்து பஸ் ஏறும் முன் சாப்பிட்ட கடையில், எங்களிடம் இருந்த சென் காசுகளையெல்லாம் கொட்டி, மீதியை நோட்டாகக் கொடுத்தோம். கல்லாவில் இருந்த அம்மா பொறுமையாக எண்ணினார்.

ஊர் திரும்பியதும் மிச்சம் 135 சிங்கப்பூர் டாலர். வாங்கிய அதே கடைக்குப் பில்லோடு போனேன். வெளிநாட்டுக் காசு 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நாமே வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருந்தால் திரும்பி வந்த 180 நாளுக்குள் விற்றுவிட வேண்டும். அதனால் எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அடுத்த தடவை இறங்கியதும் ஆகட்டும் என்று 50ஐ எடுத்து வைத்துவிட்டு 85ஐ மட்டும் நீட்டினேன். 61.20க்கு எடுத்துக்கொண்டார்கள். நடு விலைக்கு அறுபது காசு கீழே, நூற்றுக்கு ஒன்று. ஒரு பத்து டாலர் நோட்டை மட்டும் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார் கடைக்காரர். ஓரத்தில் யாரோ பேனாவால் கிறுக்கியிருந்தார்கள்.

“இது எங்க வாங்கினீங்க சார்?”

“உங்ககிட்டதான்” என்றேன்.